என்னைவிட மோசமான ஓர் ஆள்

இத்தாலியில், பலேர்மோவில் வீட்டு வேலை செய்கிற எங்கள் இலங்கைத் தமிழ்ச் சனத்திடம் எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. ஊருக்குப் போனாலும் சரி, ஆஸ்பத்திரிக்குப் போனாலும் சரி, வேலை செய்யும் வீட்டில் பதிலுக்கு ஓர் ஆளை விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். அந்த ஆள் எங்களைவிடக் கொஞ்சம் மோசமாக வேலை செய்கிறவராக இருக்க வேண்டும். படுமோசமாக இருந்தால் வீட்டுக்காரி கோபித்து எங்களையும் சேர்த்து நிறுத்திவிடுவாள். நல்லவராக இருந்துவிட்டாலோ கதை முடிந்தது.

வேலையை நாங்கள் வேலை என்று சொல்வதில்லை, வீடு என்றுதான் சொல்வோம். "எனக்கு ரெண்டு வீடு" என்றால் இரண்டு இடத்தில் துடைக்கிறாள் என்று பொருள். "அவளுக்கு வீடு போட்டுது" என்றால் வேலை போய்விட்டது, துக்கம் விசாரிக்கப் போக வேண்டும். தங்கையின் கலியாணத்துக்காக இரண்டு மாதம் கொழும்புக்குப் போன ஒருத்தி, ஊரிலிருந்து புதிதாக வந்த ஒரு பெண்ணைத் தன் வீட்டில் விட்டுப் போனாள். அந்தப் பெண் கதவுப் பிடிகளைக்கூடப் பல் விளக்குகிற தூரிகையால் தேய்த்தாளாம். இவள் திரும்பி வந்து வீட்டுக்காரிக்கென்று வாங்கிய தேயிலைப் பைக்கற்றோடு மணியை அடித்தபோது, கதவைத் திறந்தது அந்தப் பெண்தான். தேயிலையை அவளிடமே கொடுத்துவிட்டு இவள் திரும்பி வந்தாள். வியாழக்கிழமைப் பின்னேரங்களில், எங்களுக்கு ஓய்வு கிடைக்கும் அந்த நாலு மணித்தியாலத்தில், பூங்காவில் கூடி இருந்து நாங்கள் இந்தக் கதையைத் திரும்பத் திரும்பக் கதைப்போம்.

தொண்ணூறுகளின் நடுவில், எனக்கு முப்பத்தொன்பது வயதில், என் கர்ப்பப்பையை எடுக்க வேண்டும் என்று டொக்டர் சொன்னபோது எனக்கு முதலில் வந்த பயம் இதுதான். உயிர்ப் பயம் இரண்டாவதாகத்தான் வந்தது.

என் வீடு ஒரு சிஞ்ஞோராவின் வீடு; மரியாதைக்குரிய பெண்ணை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள். காணி உறுதி எழுதும் நொத்தாரிசாக இருந்து காலமானவரின் மனைவி, எழுபத்தாறு வயது, ஏழு அறை, பதினொரு யன்னல். எட்டு வருடமாக அந்தப் பதினொரு யன்னலையும் நான் திறந்து மூடியிருக்கிறேன். பெர்மெசோ என்கிற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கக் கேட்கிற கடிதத்தில் ஒப்பம் வைப்பவரும் அவர்தான். என் கணவர் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு மீன் சாப்பாட்டுக்கடையில் பின்னேரங்களில் கோப்பை கழுவினார். அங்கே கடிதமும் கிடையாது, ஒப்பமும் கிடையாது. ஆகவே நான், கணவர், மகள் என்று எங்கள் மூன்று பேருடைய இருப்பும் அந்தப் பதினொரு யன்னலில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

இரண்டு வருடமாக உதிரப்போக்கு. நான் யாருக்கும் சொல்லவில்லை. சிஞ்ஞோராவின் பளிங்கு நிலத்தில் ஒருநாள் வாளியோடு சேர்ந்து விழுந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். வயிற்றுக்குள் தோடம்பழம் அளவில் ஒரு கட்டி என்றார்கள். டொக்டர் சொன்னதை எனக்குத் தமிழில் மாற்றிச் சொன்னது என் மகள். அவளுக்குப் பத்து வயது. இத்தாலியனைச் சந்தைக்காரர்களைப் போல இழுத்து இழுத்துப் பேசுவாள்.

"அம்மா, பேபி இருக்கிற பையை எடுக்கப் போகினமாம். பேந்து ஆறு கிழமைக்கு ஒண்டும் தூக்கக் கூடாதாம். ரெண்டு கிலோவுக்கு மேல தூக்கினா, மீ... தையல் விட்டிடுமாம்."

"மீ" என்பது பலேர்மோப் பிள்ளைகள் ஆச்சரியத்துக்குப் போடும் சத்தம். டொக்டர் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார்.

பிறகு அவள் சுயமாக ஒரு கேள்வி கேட்டாள். "எடுத்திட்டு அதை எங்கை வைப்பினம்?"

டொக்டர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

சரி, யாரை விடுவது? நான் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை இருந்து யோசித்தேன். கீழ் மாடியில் இருக்கும் மன்னார் அக்கா வேண்டாம்; அவர் கோயிலைக் கழுவுவதுபோல வீட்டைக் கழுவுவார். பூங்காவில் தெரிந்த பெண்கள் எல்லோரையும் மனதுக்குள் வரிசையாக நிறுத்திப் பார்த்தேன். எல்லோருமே கெட்டிக்காரிகளாக இருந்தது எனக்குப் பெரிய எரிச்சலாக இருந்தது. அப்போது என் கணவர் குசினிக்குள் நின்று, கையில் சட்டி மூடியைப் பிடித்துக்கொண்டே, "இஞ்சாரும், இந்தச் சட்டியின்ர மூடி எங்கை?" என்று கேட்டார்.

கடவுள் அனுப்பிய ஆள் கண்முன்னே நின்றார். பதின்மூன்று வருடக் கலியாண வாழ்க்கையில் அந்த மனிதர் வீட்டில் ஒரு தேத்தண்ணிக் கோப்பை கழுவியதில்லை. கடையில் ஆயிரம் கோப்பை கழுவுகிறேன், வீட்டிலும் கழுவினால் கை என்னத்துக்கு ஆகும் என்பார். காலை வேளையில் அவருக்கு வேலையும் இல்லை. இவரை விட்டால் மூன்றாம் நாள் சிஞ்ஞோரா அழுதுகொண்டு என் பெயரைச் சொல்லுவார். என்னைவிட மோசமான ஓர் ஆளை வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டு ஊரெல்லாம் தேடியிருக்கிறேனே என்று எனக்கே சிரிப்பு வந்தது.

"நானோ?" என்றார் அவர். "எனக்கு என்னப்பா தெரியும்?"

"ஒண்டும் தெரியத் தேவையில்லை. நீங்கள் நீங்களா இருந்தாக் காணும்" என்றேன்.

ஒப்பரேசன் நல்லபடியாக முடிந்தது. மாசி மாதம் தொடக்கத்தில் கால்சா என்ற பழைய பகுதியில் எங்கள் மூன்றாம் மாடி வீட்டுக்கு, படியில் நாலு இடத்தில் இருந்து இருந்து, ஏறி வந்தேன். ஆஸ்பத்திரித் தாதி ஒரு விசயம் சொல்லிக் கொடுத்திருந்தாள். இருமினாலும் தும்மினாலும் சிரித்தாலும் ஒரு தலையணையை வயிற்றோடு சேர்த்து அமர்த்திப் பிடிக்க வேண்டும். இருமலும் தும்மலும் பரவாயில்லை. சிரிப்புத்தான் கொலைகாரன். என் மகளின் சின்னத் தலையணை, வாத்துப் படம் போட்டது, இரவும் பகலும் என் வயிற்றில் கிடந்தது.

ஒரு விசயத்தை நேராகவே சொல்லிவிடுகிறேன். எனக்கு இன்னொரு பிள்ளை வேண்டும் என்ற எண்ணமே இருக்கவில்லை. ஆனாலும் முதல் கிழமை தனியே படுத்திருந்தபோது அழுதேன். எதற்காக அழுகிறேன் என்று தெரியாதது அழுகையைவிடக் கரைச்சலாக இருந்தது. அழுதாலும் தையல் நோகும் என்று தாதி சொல்ல மறந்துவிட்டாள்.

எப்போது வேலைக்குத் திரும்பலாம் என்பதில் ஆளாளுக்கு ஒரு கணக்கு. டொக்டருக்கு ஆறு கிழமை. மன்னார் அக்காவுக்கு வேறு கணக்கு. நான் வீடு வந்த நாள் தொடக்கம் அவர் என்னைப் பிள்ளை பெற்றவளாகவே நடத்தினார். காலையில் சரக்குத் தூள் போட்ட மீன்கறி, பின்னேரம் உள்ளிச் சோறு. வெறும் நிலத்தில் கால் வைக்கவும் விடமாட்டார்.

"அக்கா, நான் பிள்ளை பெறேல்லை" என்றேன்.

"தெரியும் பிள்ளை. பிள்ளை பெத்தா முப்பத்தொரு நாள். உனக்குப் பையும் சேர்ந்தெல்லோ போட்டுது. அப்ப ரெண்டு மடங்கு. அறுபத்திரண்டு நாள் நீ கட்டிலை விட்டு இறங்கக் கூடாது."

தலையணையை அமர்த்த நேரம் கிடைக்கவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தும் அழுதும் முடித்தேன். அக்கா அதையும் பலவீனம் என்று எழுதிக்கொண்டு, நான் சுகமானதும் பலேர்மோவைக் காக்கிற, மலையில் கோயில் கொண்ட புனிதையிடம் வெறுங்காலோடு ஏறி வருவேன் என்று எனக்காக நேர்ந்தும் விட்டார். ஏறப்போகிறவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"நான் சைவமெல்லே அக்கா? வேதக்காரி இல்லையே?"

"அவ அதெல்லாம் பாக்க மாட்டா."

இவ்வளவும் எனக்குப் பெரிதாகப் படவில்லை. எனக்கு இருந்த ஒரே கவலை, அந்தப் பதினொரு யன்னல். நான் வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் தொலைபேசி அடித்தது. சிஞ்ஞோரா. நான் முகத்தைக் கவலையாக வைத்துக்கொண்டு, அவருடைய முறைப்பாட்டைக் கேட்க ஆயத்தமானேன்.

"உன் கணவர் ஒரு முத்து" என்றார் சிஞ்ஞோரா. "நிலத்தில் முகம் பார்க்கலாம். நீ ஒன்றுக்கும் யோசிக்காதே. படுத்திரு."

தொலைபேசியை வைத்துவிட்டுக் கட்டிலில் எழும்பி இருந்தேன்.

அதன் பிறகு ஒவ்வொரு நாளும் பதினொரு மணிக்கு அடித்தார். யன்னல்கள் மின்னுகின்றன. திரைச்சீலைகள் கழுவி மடித்தாயிற்று. வெள்ளிக் கரண்டிகள் எல்லாம் புதிது போல இருக்கின்றன. அவசரப்படாதே, எல்லாம் அவர் பார்த்துக்கொள்கிறார். அவசரப்படாதே என்பது எனக்கு வராதே என்றுதான் கேட்டது. தேயிலைப் பைக்கற்றோடு நின்றவள் நினைவுக்கு வந்தாள்.

கணவர் பின்னேரம் இரண்டு மணிக்கு வந்து சேருவார். ஒரு மணிக்கே முடிகிற வேலை அது. முகத்தில் களைப்பு இல்லை. ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டு வருவார்.

"இண்டைக்கு என்ன செய்தனீங்கள்?"

"வழமையான வேலைதான்."

"யன்னலுக்கு என்ன போட்டுத் துடைச்சனீங்கள்?"

"யன்னலுக்குப் போடுறதைத்தான் போட்டனான்."

பொலிஸ்காரர் கேட்டாலும் இதைவிடக் குறைவாக ஒருவர் பதில் சொல்ல முடியாது. பிறகு குசினிக்குள் போய், "இஞ்சாரும், சீனி எங்கை?" என்று கேட்பார். பதின்மூன்று வருடமாகச் சீனி அதே தட்டில் அதே போத்தலில் இருக்கிறது. அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. இந்த மனிதருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது! திரைச்சீலை கழுவத் தெரியும், வெள்ளி மினுக்கத் தெரியும், என் வீட்டில் மட்டும் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு மூடி தேடுகிறார். எட்டு வருட வேலை போகப்போகிற பயம் ஒரு பக்கம், பதின்மூன்று வருடம் ஏமாந்த கோபம் மறு பக்கம். இரண்டும் சேர்ந்து எனக்கு நித்திரை இல்லாமல் செய்தன. ஆறு கிழமை பொறுக்க முடியாது என்று தீர்மானித்தேன்.

தீர்மானித்தால் போதாதே, வயிறு ஒத்துவர வேண்டும். அதற்கு என்னிடம் ஒரு கூடை இருந்தது. எங்கள் தெருவில் மேல்மாடிக்காரர் எல்லோரும் கயிற்றில் கூடை கட்டி பல்கனியால் இறக்கித்தான் சாமான் வாங்குவார்கள். கீழே வியாபாரி போடுவார், மேலே இழுத்தெடுக்க வேண்டும். அந்தக் கூடையைக்கொண்டு என்னை நானே பழக்கலாம் என்று நினைத்தேன். மகள் பள்ளிக்கூடத்திலும் அக்கா வேலையிலும் இருக்கிற நேரமாகப் பார்த்து முதலில் ஒரு பாண் இழுத்தேன். நோகவில்லை. அடுத்த நாள் பாணும் பாலும். மூன்றாம் கிழமை முடியும்போது ஒரு கிலோ மண்டரின் தோடம்பழம் வரை வந்துவிட்டேன். நகரத்துக்கு வெளியே சியாகுல்லித் தோட்டங்களில் பிந்திக் காய்க்கிற மண்டரினை, மூன்று சில்லு வண்டியில் குவித்துக்கொண்டு ஒருவர் அந்த நாட்களில் தெருவுக்கு வருவார். அவருடைய குரல் துறைமுகத்தில் கப்பலுக்கே கேட்கும்.

நாலாம் கிழமை ஒரு காலை, துணிந்து, மூன்று கிலோ போடச் சொல்லிக் கூடையை இறக்கினேன்.

வண்டிக்காரர் கூடையைப் பார்த்தார், என்னை நிமிர்ந்து பார்த்தார். "சிஞ்ஞோரா!" என்று கூவினார். "கர்ப்பப்பை எடுத்தவர் நீங்கள்தானே? டொக்டர் மூன்று கிலோவுக்கு விட்டாரா?"

தெருவில் போனவர்கள் எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். பிறகு பல்கனிகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. எதிர்வீட்டு அம்மா, தனக்கு எடுத்தபோது மூன்று மாதம் ஒரு கரண்டிகூடத் தூக்கவில்லை என்றார். அதற்கு மேல்மாடிக்காரி, தான் பத்தாம் நாளே அரிசி மூட்டை தூக்கியதாகவும், அதனால்தான் இன்றைக்கு இந்த நிலையில் இருப்பதாகவும் சொன்னார். எந்த நிலை என்று கேட்க எனக்கு ஆசையாக இருந்தது. மூலையில் இருந்த ஒரு கிழவர், தனக்குக் குடல் இறக்கம் வந்த கதையைத் தொடக்கினார். அது வேறு விசயம் என்று எல்லோரும் சேர்ந்து அவரை அடக்கினார்கள். யாழ்ப்பாணத்தில் பிறந்து, உள்பாவாடையைக்கூடச் சட்டைக்கு அடியில் மறைத்துக் காயப்போட்டு வளர்ந்தவள் நான். என் கர்ப்பப்பை ஒரு தெரு முழுவதுக்கும் மேலால், உடுப்புக் கொடிகளுக்கு நடுவில், இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய் வந்தது.

கடைசியில் தெருவே கூடி ஒன்றரைக் கிலோ என்று தீர்ப்புச் சொன்னது. வண்டிக்காரர் அதற்கு மேல் ஒரு பழம் போட மறுத்தார். பின்னேரம் மகள் பள்ளியால் வந்தபோது அவளுக்குச் செய்தி ஏற்கனவே போய்விட்டிருந்தது.

"மீ, அம்மா! நீங்கள் மூண்டு கிலோ தூக்கினீங்களாமே! பாஸ்தா! போதும்! கூடை இனி என்னட்டை."

கூடையைக் கொண்டுபோய்த் தன் கட்டிலுக்குக் கீழே ஒளித்தாள். பத்து வயதுப் பிள்ளைக்குப் பயந்து நடந்துகொள்ளும் நிலைக்கு நான் வந்திருந்தேன்.

ஐந்தாம் கிழமையின் செவ்வாய்க்கிழமை. சிஞ்ஞோராவின் தொலைபேசி வழமைபோல அடித்தது. "நேற்று உன் கணவர் தொங்குவிளக்கைக் கழற்றித் துடைத்தார். ஒவ்வொரு கண்ணாடியும் நட்சத்திரம்போல இருக்கிறது" என்றார். அந்த விளக்கில் நூற்றுக்கு மேல் கண்ணாடித் துண்டுகள். அதை நான் வருடத்தில் ஒருமுறை, உயிர்த்த ஞாயிறுக்கு முன்பு, இரண்டு நாள் எடுத்துச் செய்வேன். அது என்னுடைய விளக்கு.

தொலைபேசியை வைத்துவிட்டு உடுப்பு மாற்றினேன். சாவியை எடுத்தேன். எட்டு வருடமாக என்னிடம் இருந்த சாவி அது. வாத்துத் தலையணையை ஒரு பையில் போட்டுக்கொண்டு படியிறங்கினேன். பஸ்ஸில் இருந்து, என்ன சொல்ல வேண்டும் என்று இத்தாலியனில் பாடமாக்கிக்கொண்டே போனேன். நான் சுகமாகிவிட்டேன், நாளைக்கே வருகிறேன், மிக்க நன்றி. அந்த மூன்று வசனத்தையும் சொல்லிவிட்டால் என் வீடு எனக்கு.

கதவைச் சத்தமில்லாமல் திறந்தேன். முதலில் கண்ணில் பட்டது தூசி. சும்மா தூசி இல்லை. நடைபாதையில் இருந்த அலுமாரியின் மேல் யாரோ விரலால் கணக்குக் கூட்டிப் பார்த்திருந்தார்கள். யன்னல்கள் பதினொன்றில் ஏழு மூடிக் கிடந்தன. நிமிர்ந்து பார்த்தேன். தொங்குவிளக்கில் சிலந்தி ஒன்று குடும்பத்தோடு இருந்தது. பல்கனியில் இருக்கிற மண் தலைகள் இரண்டும் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றன. அவை அந்த ஊர் வழக்கப்படி செய்த, கிரீடம் வைத்த பூச்சாடிகள். அந்தத் தலைகள் தன்னை முறைக்கின்றன என்று கணவர் முதல் நாளே சொல்லியிருந்தார்.

எனக்கு நெஞ்சு நிறைந்தது. அவர் மோசம்தான்! நான் நினைத்ததைவிட மோசம்! பதின்மூன்று வருடத்தில் என்னை அவர் ஏமாற்றவில்லை.

அப்போது வரவேற்பறையில் இருந்து ஒரு சத்தம் வந்தது. "துரும்பு!" என்று யாரோ கத்தினார்கள். தமிழில்.

எட்டிப் பார்த்தேன். நடுவில் மேசை. அதைச் சுற்றி நாலு பேர். என் கணவர், அவருக்கு நேரே என் சிஞ்ஞோரா, இரண்டு பக்கமும் சிஞ்ஞோராவின் இரண்டு சிநேகிதிகள், மூவரும் கணவனை இழந்தவர்கள், முத்துமாலை போட்டவர்கள். கையில் சீட்டு. எங்கள் ஊர் ஆண்கள் வேலை வெட்டி இல்லாமல் பூவரச மரத்துக்குக் கீழே இருந்து விளையாடுகிற முந்நூற்றிநாலு. அதற்கு நாலு பேர் வேண்டும். அவர் மற்ற மூன்று பேரையும் தேடிக்கொண்டுவிட்டார். அந்த விளையாட்டில் ராசாவுக்கு மூன்று புள்ளி, ராணிக்கு இரண்டு, சேவகனுக்கு முப்பது. எல்லோரையும் வெட்டுகிறவன் சேவகன்தான். நொத்தாரிசு வீட்டில் இதை எப்படி ஒத்துக்கொண்டார்கள் என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

ஊரில் என் கணவர் வளர்ந்த தெரு ஒழுங்கையில் இன்னொரு சட்டமும் இருந்தது. தோற்றவர் காதில் உடுப்புக் காயப்போடும் கிளிப் மாட்ட வேண்டும், வெல்லும்வரை கழற்றக் கூடாது. என் சிஞ்ஞோரா, எட்டு வருடத்தில் நான் ஒருநாளும் தலைமயிர் கலைந்து பார்த்திராத சிஞ்ஞோரா, வலது காதில் ஒரு நீலக் கிளிப்பும் இடது காதில் ஒரு மஞ்சள் கிளிப்புமாக, மிகுந்த கௌரவத்தோடு தன் சீட்டை மேசையில் அடித்தார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. வந்தது என்பது சரியில்லை, வெடித்தது. பாடமாக்கிய மூன்று வசனமும் போன இடம் தெரியவில்லை. தலையணைப் பை எங்கோ விழுந்தது. இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கதவு நிலையில் சரிந்தேன். சிரிக்கச் சிரிக்க நொந்தது, நோக நோக ஐயோ என்றேன், ஐயோ என்றபடியே சிரித்தேன்.

"இஞ்சாரும்! நீர் ஏன் இஞ்சை வந்தனீர்?" கணவர் எழும்பி ஓடி வந்தார். கையில் சீட்டை மட்டும் விடவில்லை.

நாலு பேருமாக என்னைத் தூக்காத குறையாகக் கொண்டுபோய்ச் சிவப்பு வெல்வெட் கதிரையில் இருத்தினார்கள். எட்டு வருடமாக நான் தூசி தட்டிய கதிரை அது. ஒருநாளும் அதில் இருந்ததில்லை. மிகவும் கல்லான கதிரை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

மூச்சு வந்ததும் எனக்குக் கோபமும் வந்தது. "நிலத்தில் முகம் பார்க்கலாம் என்றீர்கள்" என்று சிஞ்ஞோராவிடம் கேட்டேன். "வெள்ளிக் கரண்டி. தொங்குவிளக்கு. நட்சத்திரம்."

சிஞ்ஞோரா என் கணவரைப் பார்த்தார், தூசியைப் பார்த்தார். "இந்த மனிதருக்குத் துடைப்பத்தின் எந்தப் பக்கம் நிலத்தில் படவேண்டும் என்றுகூடத் தெரியாது" என்றார். "அதை உன்னிடம் சொன்னால் நீ என்ன செய்வாய்?"

பதிலுக்கு நிற்காமல் அவரே தொடர்ந்தார்.

"அடுத்த நாளே வாளியோடு வந்து நிற்பாய். வீடு பளிங்கு மாதிரி இருக்கிறது என்று சொன்னால் படுத்திருப்பாய் என்று நினைத்தேன். பொய் சொல்லச் சொல்லி இவரிடமும் சொல்லி வைத்தேன். இவருக்குப் பொய்யும் ஒழுங்காக வராது, அதனால் ஒன்றும் சொல்லாமல் இருக்கச் சொன்னேன்."

ஐந்து கிழமை. அவர் என்னைப் படுக்க வைக்கச் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் என்னைக் கட்டிலால் எழுப்பியிருக்கிறது. நான் எங்கள் சனத்தின் சட்டத்தை வைத்துக்கொண்டு அவருடைய அன்பை வாசித்திருக்கிறேன். இதை அவருக்குச் சொல்ல வெட்கமாக இருந்தது, ஆனாலும் சொன்னேன். தேயிலைப் பைக்கற்றுக் கதையையும் சொன்னேன். என்னைவிட மோசமான ஆள் என்றுதான் கணவரை விட்டேன் என்பதையும் சொல்லிவிட்டேன்.

"என்னையோ?" என்றார் கணவர்.

"ஓம்" என்றேன்.

சிஞ்ஞோரா சிரிக்கவில்லை. காதில் இரண்டு கிளிப்போடும் கதிரையை எனக்குப் பக்கத்தில் இழுத்து இருந்தார். "எனக்கும் எடுத்தார்கள்" என்றார். "உன் வயதில். இருபதாம் நாள் என் கணவர் பன்னிரண்டு பேரை விருந்துக்குக் கூப்பிட்டார். நான் எழுந்து நின்றேன். படு என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை." நீலக் கிளிப்பைச் சரிசெய்துகொண்டு, "இன்றைக்கும் சிரிக்கும்போது என் கை தானாக வயிற்றுக்குப் போகிறது. பார்த்திருப்பாயே" என்றார்.

பார்த்திருக்கிறேன். எட்டு வருடம் பார்த்திருக்கிறேன். பெரிய இடத்துப் பெண்கள் அப்படித்தான் நாகரிகமாகச் சிரிப்பார்கள் என்று நினைத்திருந்தேன். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அந்தக் கிளிப்புகளைப் பார்த்து மறுபடியும் சிரிப்பும் வந்தது. கை வயிற்றுக்குப் போனது.

சிஞ்ஞோரா என் கையைக் காட்டினார். "அந்தக் கை அங்கே போகாமல் எப்போது சிரிக்கிறாயோ, அப்போது வா. அதற்கு முன்னால் இந்தக் கதவைத் திறந்தால் சாவியை வாங்கி வைத்துவிடுவேன்."

"அப்ப என்ர வீடு?" என்று தமிழில் கேட்டேன், அவசரத்தில்.

அவருக்கு என்ன விளங்கியதோ தெரியாது. "இந்தத் தூசியை வேறு யார் துடைப்பார்?" என்றார்.

போகும்போது சிநேகிதிகளில் ஒருவர் மெல்ல என்னிடம் வந்து, நான் திரும்பி வந்த பிறகும் வியாழன் காலைகளில் என் கணவரை விட முடியுமா என்று கேட்டார். நாலாவது ஆள் இல்லாமல் விளையாட முடியாதாம். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். வீட்டுக்கு வந்து அக்காவுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். வெளியே போனதற்காக அவர் அறுபத்திரண்டு நாளோடு இன்னும் மூன்று நாள் கூட்டினார்.

அதற்குப் பிறகு மூன்று கிழமை உண்மையாகவே படுத்திருந்தேன். கூடையை மகள்தான் இழுத்தாள். என் பயம் போன பிறகு நேரம் நல்ல மெதுவாகப் போனது; கணவர் வந்து அன்றைய விளையாட்டை விபரமாகச் சொல்லுவார், நான் தலையணையோடு கேட்டுக்கொண்டிருப்பேன். தலையணையை எந்த நாள் எடுக்க மறந்தேன் என்று எனக்கு நினைவில்லை. ஒருநாள் மகள் அதைத் தன் கட்டிலில் வைத்துப் படுத்திருந்ததைக் கண்டேன், அவ்வளவுதான்.

எட்டாம் கிழமை முடிந்த திங்கட்கிழமை, வேலைக்குப் போனேன். ஒரு கையில் என் வேலைச் சட்டை இருந்த பை, மறு கையில் சிஞ்ஞோராவுக்கென்று மண்டரின் பை. அந்தப் பருவத்தின் கடைசி மண்டரின். வண்டிக்காரர் இரண்டு கிலோவைத் தானே நிறுத்து, தெருவுக்குக் கேட்க வாழ்த்தும் சொல்லித் தந்தார். சாவியைப் போடுவதற்குப் பையைக் கீழே வைக்கலாம் என்று குனிய முன்பே கதவு திறந்தது.

சிஞ்ஞோரா நின்றார். கறுப்புப் பட்டுச் சட்டை, முத்துமாலை, நன்றாக வாரிய தலை. இரண்டு காதிலும் மும்மூன்று உடுப்புக் கிளிப். மூக்கில் ஒன்று. முகத்தில் துளிச் சிரிப்பும் இல்லை.

நான் சிரித்தேன். மாடிப்படி முழுவதும் கேட்கும்படி சிரித்தேன்.

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கைகளைப் பார்த்தார். ஒன்றில் சட்டைப் பை, ஒன்றில் மண்டரின். இரண்டும் இருந்த இடத்திலேயே இருந்தன.

"உள்ளே வா" என்று மூக்கால் சொன்னார்.